திறமூலத் திட்டத்தில் தலைமையைப் பங்கு போடுவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பயனர் குழுச் சந்திப்பு முடிந்து டீ குடிக்கும்போது யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு இந்தப் பேச்சை எடுப்பார். சம்பளம் இல்லாமல், மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஓடுகிற திறமூலத் திட்டங்களில், அதாவது யாரும் கோடை எடுத்துப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களில், தலைமைப் பொறுப்பை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் தட்டி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாகப் போட்டுவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் பல வருடம் ஒரு சின்னத் தமிழ் மென்பொருள் திட்டத்தைப் பார்த்துக்கொண்டவன், பெரிய திட்டங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தவன். அந்த அளவில்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

தலைமையைப் பங்கு போடறதுன்னா வேலையைப் பிரிச்சுக் கொடுக்கறதுதானே?

இல்லை. முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "நீ டாக்குமென்டேஷன் பார்த்துக்கோ, நீ இஷ்யூ பார்த்துக்கோ" (இஷ்யூ என்றால் பயனர்கள் பதிகிற பிழைப் புகாரும் கோரிக்கையும்) என்று வேலையைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் கடைசியில் தன்னிடம் வந்து கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அது பங்கு போடுவது இல்லை, எடுபிடி வைத்துக்கொள்வது. பங்கு என்றால் என்னைக் கேட்காமலே நீ முடிவெடுக்கலாம், அது எனக்குப் பிடிக்காவிட்டாலும் நிற்கும், அவ்வளவுதான்.

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குகிற இயங்குதளமான டெபியன் லினக்ஸ் திட்டம் இதை 1998 இல் ஏற்றுக்கொண்ட தன் அமைப்பு விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதன் திட்டத் தலைவர் ஒருவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாம். ஆனால் "நீ இப்படி முடிவெடுத்தால்தான் இந்தப் பொறுப்பில் இருக்கலாம்" என்று நிபந்தனை போட முடியாது, அவர் முடிவெடுத்த பிறகு அதை மாற்றவும் முடியாது. முதல் முறை படித்தபோது எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. பிறகு நானே ஒருவருக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அவர் மெர்ஜ் செய்ததை, அதாவது திட்டத்தில் சேர்த்த மாற்றத்தை, இரவு பதினொரு மணிக்கு ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கினேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். விதி எதற்கு என்று அப்போது புரிந்தது.

எங்க ப்ராஜெக்ட்ல மொத்தமே மூணு பேர். இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?

மூன்று பேர் இருக்கிற இடத்தில்தான் ஒருவர் நழுவினால் எல்லாம் நின்றுபோகும். "எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் திட்டம் படுத்துவிடும்" என்று ஒரு கணக்கு சொல்வார்கள், பஸ் ஃபேக்டர் என்று பெயர். பஸ் வரைக்கும் போக வேண்டாம். கல்யாணம், குழந்தை, புது வேலை, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, இதில் எது வந்தாலும் தன்னார்வலர் ஆறு மாதம் காணாமல் போவார். அது தப்பும் இல்லை.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தளத்தின் டொமைனை, அதாவது இணைய முகவரியை, ஆரம்பத்தில் ஒருவர் தன் கைக்காசு போட்டு, தன் கல்லூரி மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி செத்துவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பெல்லாம் அந்தச் செத்த பெட்டிக்குத்தான் போனது. ஒரு நாள் காலையில் தளம் இருந்த இடத்தில் விளம்பரப் பக்கம் நின்றது. அவர் வேலை நிமித்தமாக வெளிநாட்டில், அங்கே நள்ளிரவு. யாருக்கும் யார் மீதும் கோபமில்லை, ஆனால் அதைச் சரிசெய்ய இருபது நாள் ஆயிற்று. சாவி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் இதுதான் நடக்கும்.

சரி, சாவின்னா எதெதெல்லாம் சாவி?

உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், நினைத்ததைவிட நீளமாக வரும். ரெப்போவின் (கோட் இருக்கும் கிடங்கு) உரிமை, டொமைன் பதிவு, டொமைனைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ், சர்வர், பதிப்பு நம்முடையதுதான் என்று கையெழுத்திடும் ஜிபிஜி சாவி, மற்றவர்கள் இறக்கிக்கொள்ளப் பதிப்புகளை ஏற்றி வைக்கும் பைபிஐ (பைத்தான் நிரல்மொழிக்கு) அல்லது என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு) கணக்கு, திட்டத்தின் மின்னஞ்சல், டெலிகிராம் குழுவின் அட்மின், நன்கொடை வருகிற வங்கிக் கணக்கு. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கேட்கக் கூச்சப்படுவார்கள், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கோடை வைத்துச் சேர்ந்து வேலை செய்யும் தளமான கிட்ஹப்பில் ரெப்போ ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தால் உரிமையாளர் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் கோட் தள்ளலாமே தவிர முக்கியமான அமைப்புகளில் கை வைக்க முடியாது. ஆர்கனைசேஷன் என்ற குழுக் கணக்கு ஒன்றைத் திறந்து அதற்குள் மாற்றினால் இரண்டு மூன்று பேரை உரிமையாளராகப் போடலாம், காசும் கிடையாது, பத்து நிமிட வேலை. பைபிஐயில் 'ஓனர்', 'மெயின்டெய்னர்' என்று இரண்டு நிலை இருக்கிறது. மெயின்டெய்னரால் புதுப் பதிப்பு ஏற்ற முடியும், ஆனால் வேறு ஆளைச் சேர்க்க முடியாது. அதனால் ஓனர் ஒருவராகவே இருந்து அவர் காணாமல் போனால், மெயின்டெய்னர் நாலு பேர் இருந்தும் ஐந்தாவது ஆளைச் சேர்க்க வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்ப எல்லாருக்கும் எல்லா சாவியும் கொடுத்துடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு சாவியும் குறைந்தது இரண்டு பேரிடம், அதிகம் போனால் மூன்று பேரிடம். கோயில் உண்டியல் மாதிரி, தனியாக ஒருவர் திறக்கக் கூடாது, திறக்கவே முடியாமலும் போகக் கூடாது. எட்டுப் பேரிடம் இருந்தால் அதில் ஒருவர் லேப்டாப் தொலைத்தால் போதும். ஒரே பாஸ்வேர்டை வாட்ஸப் குழுவில் போட்டு வைப்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. அவரவர் கணக்கு, அவரவர் அனுமதி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அவ்வளவுதான். பைபிஐ 2024 தொடக்கத்திலிருந்து எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

எதை முதல்ல கைமாத்தணும்?

பதிப்பு வெளியிடுவதை. ரிலீஸ் என்பது ஒரு சடங்கு மாதிரி ஒருவர் கைக்குப் பழகிப்போன வேலை, அதனாலேயே அவர் இல்லாமல் நடக்காது என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்துவிடும்.

பெர்ல் நிரல்மொழிக்காரர்கள் இதில் நல்ல முன்னோடி. அங்கே பொறுப்பில் இருந்தவரைப் 'பம்ப்கிங்' என்று கூப்பிட்டு வந்தார்கள். பம்ப்கின் என்றால் பரங்கிக்காய். ஒரு அலுவலகத்தில் பேக்கப் எடுக்கும் டேப் டிரைவ் ஒன்றே ஒன்று, கணினிகள் பல. இரண்டு பேர் ஒரே சமயத்தில் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பஞ்சடைத்த பரங்கிக்காய் பொம்மை ஒன்றை வைத்திருந்தார்களாம், பொம்மை யார் மேசையில் இருக்கிறதோ அவர்தான் பேக்கப் எடுக்கலாம். அந்தப் பெயர் பெர்லுக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு 2009 இல், 5.11 வரிசையிலிருந்து, வளர்ச்சிப் பதிப்புகளை மாதத்துக்கு ஒன்றாக, மாதம் ஒருவர் வெளியிடுவது என்று ஆக்கினார்கள், ஏறக்குறைய நம் ஊர் ஏலச்சீட்டு சுற்றி வருகிற மாதிரி. அதற்காக ஒவ்வொரு படியையும் எழுதிய கையேடு ஒன்றும் உண்டு, புதிதாகச் செய்பவர் தடுக்கிய இடத்தை அவரே அதில் திருத்திவிட்டுப் போவார்.

அந்தக் கையேட்டைப் பார்த்து நானும் ஒன்று எழுதினேன், பதினான்கு படி. ஒரு சனிக்கிழமை மாலை புதிதாகப் பொறுப்பெடுத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் கீபோர்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டேன். ஏழாவது படியில் எழுத்துரு கோப்புகள் உருவாகவே இல்லை. அவர் என்னைப் பார்க்கிறார், நான் திரையைப் பார்க்கிறேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் படிக்கு முன்னால் ஓடவேண்டிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் என் லேப்டாப்பில் மட்டும், ஹோம் ஃபோல்டரில், 'டெம்ப் 2' என்ற பெயரில் மூன்று வருடமாக இருந்திருக்கிறது. அதை எழுதியது நான்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கைமாற்றிப் பார்க்காமல் எழுதிய கையேட்டை நம்பாதீர்கள்.

யாருக்குக் கொடுக்கறது? நல்லா கோட் எழுதறவருக்குத்தானே?

நன்றாகக் கோட் எழுதுகிறவர் கோட் எழுதட்டும், அவரை ஏன் கெடுப்பானேன். நான் பார்ப்பது வேறு: யாரோ முன்பின் தெரியாதவர் ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டால் அதற்குப் பொறுமையாகப் பதில் போடுகிறவர் யார்? "இது எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள்" என்று சொல்லத் தயங்காதவர் யார்? சொன்ன தேதியில் முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்கிறவர் யார்? அவரிடம் கொடுங்கள். மொழிபெயர்ப்பும் சோதனையும் மட்டும் செய்கிறவராக இருந்தாலும் பரவாயில்லை. பல திறமூலத் திட்டங்களை நடத்துகிற அப்பாச்சி அறக்கட்டளையில் கோடே எழுதாதவர்களையும் கமிட்டராக, அதாவது மாற்றத்தை நேரடியாகச் சேர்க்கும் உரிமை உள்ளவராக, சேர்ப்பார்கள், ஆவணம் எழுதியே அந்த இடத்துக்கு வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று, கேளுங்கள். வெளிப்படையாக, தனியாக, பெயர் சொல்லிக் கேளுங்கள். "யாராவது முன்வரலாம்" என்று குழுவில் போட்டால் எப்போதும் முன்வருகிற அதே இரண்டு பேர்தான் வருவார்கள். தகுதி இருந்தும் "என்னைக் கேட்டால் பார்க்கலாம்" என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் நம் ஊரில் நிறைய, பெண்களில் இன்னும் அதிகம்.

கேட்டாச்சு. எல்லாரும் 'டைம் இல்ல'ன்னு சொல்றாங்க.

டெபியனுக்கே இது நடந்திருக்கிறது. 2019 இல் திட்டத் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனுக் காலம் முடிந்தபோது ஒருவர்கூட நிற்கவில்லை. ஒரு வாரம் நீட்டித்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். ஆயிரம் பேர் இருக்கிற இடத்திலேயே இந்தக் கதி.

"டைம் இல்லை" என்பதற்குப் பெரும்பாலும் அர்த்தம், "இதில் தலையைக் கொடுத்தால் எப்போது எடுக்க முடியும் என்று தெரியவில்லை" என்பது. ஆகவே முடிவுத் தேதியோடு கேளுங்கள். "பொங்கலிலிருந்து ஆடி வரைக்கும் வருகிற புல் ரிக்வெஸ்ட்டில் (சேர்க்கச் சொல்லி வரும் மாற்றங்கள்) மொழிபெயர்ப்பு சம்பந்தப்பட்டது மட்டும் உங்கள் பொறுப்பு, ஆடியில் நானே வந்து உங்களை விடுவிக்கிறேன்" என்றால் ஆள் யோசிப்பார். சொன்னபடி ஆடியில் விடுவிக்கவும் வேண்டும், அவர் பிரமாதமாகச் செய்தாலும். தொடர விரும்பினால் அவரே சொல்வார். யாரையும் வேலை செய்யும்படி இந்த விதி கட்டாயப்படுத்தாது என்று டெபியனின் அமைப்பு விதியில் தொடக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்தால் நிம்மதியாக இருக்கும்.

மூணு பேரும் சமம்னா கடைசி வார்த்தை யாரோடது?

பெரும்பாலான விஷயத்துக்குக் கடைசி வார்த்தையே தேவைப்படாது. அப்பாச்சியில் 'லேஸி கன்சென்சஸ்' என்பார்கள், சோம்பேறி ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இதைச் செய்யப் போகிறேன்" என்று எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது, யாரும் மறுக்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம். அங்கே வழக்கமான காத்திருப்பு 72 மணி நேரம், உலகத்தின் எந்த மூலையில் தூங்குகிறவரும் எழுந்து பார்க்க அவகாசம். கோடில் ஒரு மாற்றத்துக்கு மறுப்பு என்றால் -1 போடலாம், அந்த ஒன்றே மாற்றத்தை நிறுத்தும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும், "எனக்குப் பிடிக்கவில்லை" செல்லாது. புதிய பதிப்பு வெளியிடுவதற்கோ வேறு கணக்கு: குறைந்தது மூன்று +1 வேண்டும், எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருக்க வேண்டும், அதை ஒருவர் மட்டும் மறுத்து நிறுத்த முடியாது.

நம் சின்னக் குழுக்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் காத்திருப்பைத்தான். மூன்று பேருக்கு ஓட்டெடுப்பு வைப்பதெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

'பத்துப் பேர் அடிச்ச பாம்பு சாகாது'ன்னு சொல்வாங்களே? எல்லாரும் பொறுப்புன்னா யாரும் பொறுப்பில்லாம போயிடுமே.

போகும், நூற்றுக்கு நூறு. அதனால்தான் குழுவுக்குப் பொறுப்பு என்று விடாமல் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வேண்டும், பக்கத்திலேயே மாற்று ஆளாக இன்னொரு பெயர். பைத்தானில் ஒவ்வொரு முக்கியப் பதிப்புக்கும் ஒரு ரிலீஸ் மேனேஜர் உண்டு. 3.8 உம் 3.9 உம் ஒருவர், 3.10 உம் 3.11 உம் இன்னொருவர். அந்தப் பதிப்பில் எது உள்ளே போகலாம், எது அடுத்ததற்குத் தள்ளிப்போக வேண்டும் என்பதில் அவர் சொல்தான். வழிகாட்டுக் குழு என்று ஐந்து பேர் மேலே இருந்தாலும் அவர் கை நடுங்க வேண்டியதில்லை.

கிட்ஹப்பில் 'கோட் ஓனர்ஸ்' என்று ஒரு கோப்பு வைத்து, எந்த ஃபோல்டருக்கு யார் என்று எழுதினால் அந்தப் பக்கம் வருகிற மாற்றம் தானாக அவர் பார்வைக்குப் போய்விடும். எழுதுவது சுலபம். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து, போனவர்களின் பெயரை எடுப்பதுதான் யாரும் செய்வதில்லை.

ரெண்டு பேர்தான் லீட். ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. இப்ப என்ன பண்றது?

ஓர் உறையில் இரண்டு கத்தி. முதல் வேலை, மூன்றாவது ஆளைச் சேருங்கள். சண்டை நடுவில் சேர்த்தால் "அவன் ஆள்" என்று பேச்சு வரும், அதனால் நன்றாக இருக்கும்போதே சேர்த்திருக்க வேண்டும். சரி, அது போகட்டும். அடுத்தது, சண்டை எதைப் பற்றி என்று ஒரே வரியில் இரண்டு பேரும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். நான் பார்த்ததில் பாதிச் சண்டைக்கு இரண்டு வரியும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லும்.

உண்மையிலேயே ஒரே விஷயத்தில் இரண்டு கருத்து என்றால், முடிவு சொல்ல ஓர் இடம் இருந்தாக வேண்டும், முடிவு கசப்பாக இருந்தாலும். டெபியனில் அதற்கென்று ஒரு தொழில்நுட்பக் குழு. 2014 பிப்ரவரியில் கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளாக எதை இயல்பாக வைப்பது என்ற தகராறில் எட்டுப் பேர் நாலுக்கு நாலு எனப் பிரிந்து, தலைவரின் கூடுதல் ஓட்டில் சிஸ்டம்டி ஜெயித்தது. சிலர் கோபித்துக்கொண்டு பிரிந்து போய் தேவுவான் என்று தனியாகத் தொடங்கினார்கள், அது இன்றைக்கும் ஓடுகிறது, டெபியனும் ஓடுகிறது. ஃபோர்க் எடுப்பதை, அதாவது கோடை நகலெடுத்துத் தனியாகப் போவதை, குடும்பம் பிரிந்த மாதிரி நினைத்து அழுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

ஒன்று கவனியுங்கள். ஒரு டெவலப்பர் எடுத்த முடிவை அதே தொழில்நுட்பக் குழு ரத்து செய்ய வேண்டுமானால் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றுக்கு ஒன்று வேண்டும். முதல் பதிலில் சொன்ன விஷயம்தான், கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பிடுங்குவது கஷ்டமாக இருக்க வேண்டும்.

எங்க ஃபவுண்டர் விட மாட்டேங்கிறார். நல்லவர்தான், ஆனா எல்லாத்துக்கும் அவரைத்தான் கேக்கணும்.

அவர் இடத்தில் நின்று பாருங்கள். பெற்று வளர்த்த பிள்ளை. விடச் சொன்னால் "உங்களால் முடியவில்லை" என்று சொன்ன மாதிரி கேட்கும். அதனால் "விடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல் ஒரே ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "அண்ணா, அடுத்த ரிலீஸை நான் போடறேன், நீங்க பக்கத்தில் இருங்க." எனக்கு எங்கள் குழுப் பெண் ஒருத்தி இப்படித்தான் செய்தாள். நான் மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவர் களைத்து விழுகிற வரைக்கும் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பைத்தான்தான் பாடம். அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் 1990களிலிருந்து கடைசி முடிவு தன்னுடையது என்ற நிலையில் இருந்தார், 'வாழ்நாள் முழுவதற்குமான அன்பான சர்வாதிகாரி' என்று வேடிக்கையாகப் பட்டமும் கொடுத்திருந்தார்கள். பெப் 572 என்ற ஒரு முன்மொழிவு, ஒரு கணக்கை எழுதும்போதே அதற்குள் மதிப்புக்குப் பெயர் வைக்கும் குறியீடு பற்றியது, அதன் மேல் நடந்த வாக்குவாதத்தில் மனம் வெறுத்து 2018 ஜூலை 12 அன்று விலகினார். வாரிசு யாரென்றும் சொல்லவில்லை. எப்படி ஆளுவது என்று ஏழு திட்டங்கள் எழுதி, டிசம்பரில் ஓட்டுப் போட்டு, ஐந்து பேர் வழிகாட்டுக் குழு என்று முடிவாக ஐந்து மாதம். அதுவும் பைத்தான் மாதிரி ஆள்பலம் இருந்ததால் நடந்தது. நம்மிடம் அந்த ஐந்து மாதம் தாங்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

விதியெல்லாம் எழுதி வைக்கணுமா? ஃப்ரெண்ட்ஸ்தானே நாங்க.

ஒரு பக்கம் போதும். யார் எதற்குப் பொறுப்பு, எது வரைக்கும், புது ஆளை எப்படிச் சேர்ப்பது, ஒருவரை எப்படி விடுவிப்பது, தகராறு வந்தால் எங்கே போவது. நண்பர்களாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம். நாற்பது பக்க விதியைப் பெரிய திட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள், மூன்று பேர் சேர்ந்து தேர்தல் ஆணையம் நடத்துவது மாதிரி இருக்கும்.

பொறுப்பெடுத்தவர் ஆளையே காணோம். நீக்கினா மனசு கஷ்டப்படுமே.

முதலில் கூப்பிடுங்கள். இஷ்யூவில் அவர் பெயரை டேக் செய்வதைச் சொல்லவில்லை, போன் போட்டு "நல்லா இருக்கியா" என்று கேளுங்கள். டெபியனில் காணாமல் போன பராமரிப்பாளர்களைத் தேடுவதற்கென்றே ஒரு குழு உண்டு. அவர்களும் முதலில் விசாரித்து மின்னஞ்சல்தான் அனுப்புகிறார்கள், எடுத்த எடுப்பில் அவர் பார்த்துக்கொண்ட மென்பொருள் தொகுப்பைப் பிடுங்குவதில்லை.

பதில் வராவிட்டால், அனுமதியை எடுத்துவிட்டு மரியாதையை வையுங்கள். பெயரை 'முன்னாள் பராமரிப்பாளர்கள்' பட்டியலுக்கு மாற்றி, திரும்பி வந்தால் கேட்காமலே சேர்ப்போம் என்று எழுதுங்கள். பயன்படுத்தாத சாவி தொங்கிக்கொண்டிருப்பது ஆபத்து என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். நான் இப்படி மூன்று பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள், நிம்மதியாக இருக்கிறதாம். குற்றவுணர்ச்சியோடு இவ்வளவு நாள் இருந்திருக்கிறார்கள், நமக்குத்தான் தெரியவில்லை.

பட்டமே சுமையாகிவிடுவதும் உண்டு. இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ திட்டத்தில் 2020 இல் 'கோர் டீம்' என்பதையே கலைத்துவிட்டார்கள். அதில் பெயர் இருந்தவர்களில் பெரும்பாலோர் கமிட் செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள், புதிதாக வருகிறவர்களுக்கோ அந்தப் பட்டம் எட்டாத உயரமாகத் தெரிந்தது. இப்போது அங்கே மெர்ஜ் செய்கிறவர், ரிலீஸ் செய்கிறவர் என்று செய்கிற வேலைக்குத்தான் பெயர்.

ஒருத்தர் ரொம்ப ஆர்வமா வந்து உதவி பண்றார், என்னையும் மெயின்டெய்னர் ஆக்குங்கன்னு கேக்கறார். நம்பலாமா?

இந்தப் பக்கத்திலேயே சிக்கலான கேள்வி இது, ஏனென்றால் இதுவரை "கொடுங்கள் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு இப்போது "பார்த்துக் கொடுங்கள்" என்கிறேன்.

2018 இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் தொகுப்பு. அதை எழுதியவர் அதைப் பயன்படுத்துவதையே விட்டு வெகுநாள் ஆகியிருந்தது, பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் மின்னஞ்சலில் கேட்டார், கொடுத்துவிட்டார். வந்தவர் கிரிப்டோ பணப்பையைக் குறிவைக்கும் கோடைச் செருகினார். அது அவசரக்காரன் வேலை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருளின் விவகாரம் இதைவிடப் பயங்கரம். 2021 இன் கடைசியில் ஒருவர் ஒழுங்காகப் பேட்ச் (கோடுக்கான திருத்தம்) அனுப்ப ஆரம்பிக்கிறார். 2022 இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள் "வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, புது ஆளைச் சேர்க்க வேண்டியதுதானே" என்று அந்த ஒற்றைப் பராமரிப்பாளரை நச்சரிக்கிறார்கள். அவரோ தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு என்று பொதுவிலேயே சொல்லியிருந்தார். சேர்த்துக்கொண்டார். இரண்டு ஆண்டு பொறுமையாக வேலை செய்த அந்த ஆள் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது பிறர் கணினிக்குள் நுழைய ரகசிய வழி, வைத்தார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர் அதை வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று கிளறப்போய்க் கிடைத்தது.

இதைக் கேட்டதும் பல பேர் "அதான் நான் யாரையும் சேர்க்கிறதில்லை" என்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. அங்கே ஒருவர் மட்டும் களைத்துப்போய் இருந்ததால்தான் நச்சரிப்பு பலித்தது. தெரிந்த முகம் இரண்டு பேர் கூட இருந்திருந்தால் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்ல ஒரு வாய் கிடைத்திருக்கும். நடைமுறையில் நான் செய்வது இதுதான்: அவசரப்படுத்தினால் அதுவே தாமதிக்கக் காரணம். புதியவருக்கு முதலில் இஷ்யூ பார்க்கும் அனுமதி, அப்புறம் ஒரு பகுதிக்கு மெர்ஜ், ரிலீஸ் சாவி கடைசியில். நாங்கள் ஒரு தடவையாவது வீடியோவில் பேசுவோம். ஒருவர் எழுதியதை அவரே மெர்ஜ் செய்வதில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

எங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் இந்த வேலைக்குச் சம்பளம் கிடைக்கப் போகுது. மத்தவங்க?

வாழ்த்துச் சொல்லுங்கள், அப்புறம் உடனே உட்கார்ந்து பேசுங்கள். 2006 இல் டெபியனின் 4.0 பதிப்பு டிசம்பரில் வர வேண்டும் என்பதற்காக ரிலீஸ் மேனேஜர்களுக்கு வெளியிலிருந்து காசு திரட்டிக் கொடுக்க 'டங்க்-டேங்க்' என்று ஒரு முயற்சி நடந்தது. "அப்ப நாங்க என்ன இளிச்சவாயர்களா" என்று சிலர் கடுப்பாகி வேலையைக் குறைத்துக்கொண்டார்கள், கிண்டலாக எதிர் முயற்சி ஒன்றும் கிளம்பியது. பதிப்பு வந்தது 2007 ஏப்ரலில்.

ஜாங்கோ வேறு மாதிரி போனது. 2014 முதல் 'ஃபெல்லோ' என்று ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு விழுவது யாரும் விரும்பிச் செய்யாத வேலை: வருகிற டிக்கெட்டை (புகார், கோரிக்கை) பிரிப்பது, மதிப்பாய்வு, பாதுகாப்புப் பிரச்சினை. காசு அலுப்பான வேலைக்குப் போனால் பொறாமை அவ்வளவாக வருவதில்லை. சம்பளம் கொடுக்கிற கம்பெனியே திட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும் என்ற பயம் இருந்தால் பைத்தான் விதியைப் பாருங்கள், வழிகாட்டுக் குழுவின் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மேல் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கக் கூடாது.

தலைமைக் குழுவே தப்பு பண்ணினா யார் கேக்கறது?

ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தில் 2021 நவம்பரில் நடத்தையைக் கண்காணிக்கும் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது, மேலே இருந்த கோர் டீம் யாருக்குமே பதில் சொல்லக் கடமைப்படவில்லை என்ற குற்றச்சாட்டோடு. பிறகு அந்த அமைப்பையே மாற்றி, ஒவ்வொரு குழுவிலிருந்தும் பிரதிநிதிகள் உட்காரும் தலைமை மன்றத்தை 2023 இல் கொண்டுவந்தார்கள். சின்னக் குழுவுக்கு மன்றம் வேண்டாம். குழுவுக்கு வெளியே, எல்லோருக்கும் மரியாதை உள்ள ஒருவரிடம் முன்கூட்டியே "பிரச்சினை வந்தால் உங்களிடம் வரலாமா" என்று கேட்டு, அவர் முகவரியைத் திட்டப் பக்கத்தில் போட்டு வைத்தாலே பெரிய விஷயம்.

எல்லாத்தையும் கொடுத்துட்டு ஒதுங்கியாச்சு. இப்ப அவங்க எடுக்கிற முடிவு எனக்குப் பிடிக்கலன்னா?

மற்றவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான். கைடோகூட விலகிய பிறகு முதல் வழிகாட்டுக் குழுவில் ஐந்தில் ஒருவராகத் தேர்தலில் நின்று வந்தார், ஓட்டு ஒன்றுதான்.

என் கதை இதைவிடச் சின்னது. போன பதிப்பில், நான் எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய எழுத்துரு மாற்றியைத் தூக்கிவிட்டார்கள், யாரும் பயன்படுத்துவதில்லை என்று. நான் ஒருவன் பயன்படுத்துகிறேன். குழுவில் நீளமாக ஒன்று தட்டிவிட்டு அனுப்பாமல் அழித்தேன். பிறகு எல்லோரையும் போல ஒரு இஷ்யூ திறந்தேன், வார்ப்புருவில் கேட்டிருந்த பதிப்பு எண், இயங்குதளம் எல்லாம் நிரப்பி. பதினொரு நாள் ஆகிறது. 'கூடுதல் தகவல் தேவை' என்று ஒரு லேபிள் மட்டும் விழுந்திருக்கிறது.